மிதக்கும் அரிசி

ஆம்பூர்ப் பக்கத்து அங்கன்வாடி ஒன்று. அரிசி களைந்த ஆயாம்மா, மிதந்த மணிகளை அள்ளி வாசல் கோழிக்குப் போட்டார். "பிளாஸ்டிக் அரிசி சார். பிள்ளைங்க வயிறு என்னத்துக்கு ஆவுறது?" டீச்சர் ஒரு படி மேலே: "மரபணு மாத்துனதாம்."

இரண்டும் இல்லை. நூறு மணிக்கு ஒரு மணி வீதம் கலக்கும் செறிவூட்டிய அரிசி அது. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, அரிசி வடிவில் அச்சில் பிழிந்தது. அந்தக் கோழிக்கு இனி ரத்தசோகை வராது.

மரபணு மாற்றிய கத்தரிக்காயை 2010-இல் மத்திய அரசு நிறுத்திவைத்தது டீச்சருக்குத் தெரிந்திருந்தது. மரபணு மாற்றிய பருத்தி 2002 முதல் வயலில் நிற்பதையும், பருத்திவிதை எண்ணெய் சமையலுக்குப் போவதையும் சொன்னேன்.

"இங்க பாமாயில்தானே சார்!"

கலப்படத்துக்கு அஞ்சுவதென்றால், ரோடமின்-பி கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்ததே, அது துணிக்கும் தோலுக்கும் போடும் சாயமாயிற்றே என்றேன். ஆயாம்மா அசரவில்லை. "அப்ப நம்ம ஷாப்புச் சரக்குதான்." ஷாப்பு என்றால் இங்கே தோல் பதனிடும் ஆலை.

அரிசி களைந்தது அந்த ஷாப்புகளின் கழிவு இறங்கிய பாலாற்றோரத்துப் போர் தண்ணீரில். அதில் எதுவும் மிதக்கவில்லை, யாரும் பொறுக்கவில்லை.