ஆச்சிக்கு இரண்டு நிமிடம்

தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் அளந்து கொடுத்தது. தமிழக அரசு அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பங்கு வைத்தது. அருமையான ஏற்பாடு. பட்டாசோடு நிறுத்திக்கொண்டதுதான் குறை.

சென்னையிலிருந்து கோவில்பட்டியில் வந்திறங்கும் பிள்ளைகளுக்கும் நேரம் குறித்துவிடலாம். அம்மாவோடு பேசப் பத்து நிமிடம். ஆச்சி காலில் விழ, போட்டோ உட்பட, இரண்டு நிமிடம். அத்தை, சித்தப்பா வகையறாவுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கவே இருக்கிறது. ஒரே திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் அதில்தான் வாழ்த்து அனுப்புகிறார்கள். சத்தமில்லை, புகையில்லை. இதைவிடப் பசுமைத் தீபாவளி உண்டா?

ஐப்பசி, கரிசலில் களையெடுப்புக் காலம். அப்பா உளுந்துக் காட்டுக்குப் போய்விடுவார்; அவருக்கு ஒதுக்கிய நேரமும் மிச்சம். கிளம்பும்போது, 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாய் நாலு பாக்கெட். எல்லாம் ஆபீஸ் நண்பர்களுக்கு. அவர்களோடு பேச நேரக் கட்டுப்பாடு கிடையாது.

ஆச்சி கோபப்படுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? தீப்பெட்டி ஆபீஸில் காலமெல்லாம் பெட்டி ஒட்டியவர், மணி தவறமாட்டார். எட்டு அடித்ததும், "முடிஞ்சிருச்சில்லா, தள்ளி உக்காருங்கய்யா, நாடகம் போட்டுருவான்" என்றார்.

அடுத்த தீபாவளி ரயிலுக்கு 60 நாள் முன்னதாக, காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். 8.05-க்கு எழுந்து பிரயோஜனமில்லை.