நிலவுக்குக் காவல் போட்ட தளபதிகள்

1959 ஜூன் மாதம் அமெரிக்கத் தரைப்படை ஒரு ரகசிய அறிக்கையை எழுதி முடித்தது. பெயர் ‘புராஜெக்ட் ஹொரைசன்’. 1965 ஏப்ரலில் இரண்டு பேர் நிலவில் இறங்குவார்கள். 1966 முடிவதற்குள் 12 பேர் கொண்ட ராணுவக் காவல் நிலையம் அங்கே நடக்கும். ஏறத்தாழ 150 ராக்கெட்டுகள், 600 கோடி டாலர். நிலவில் அமெரிக்காவுக்கு வரப்போகிற நலன்களை வளர்க்க வேண்டும், காக்க வேண்டும் என்பது நோக்கம்.

யாரிடமிருந்து காப்பது? அந்த ஜூன் மாதத்தில் மனிதன் செய்த ஓர் ஆணிகூட நிலவைத் தொட்டிருக்கவில்லை. செப்டம்பரில்தான் சோவியத்தின் லூனா-2 போய் மோதியது. விண்வெளிக்கு ஓர் ஆளும் போகவில்லை. இவர்கள் நம்பியிருந்த சாட்டர்ன் ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பியதே 1961 அக்டோபரில். ராக்கெட் இல்லை, போய்வந்த ஆள் இல்லை, அங்கே எதிரியும் இல்லை. தளபதிகள் மட்டும் தயார்!

குடியிருப்பு வரைக்கும் யோசித்திருந்தார்கள். 10 அடி விட்டமும் 20 அடி நீளமும் உள்ள உலோக உருளைகளை நிலவு மண்ணில் புதைத்து, அவற்றுக்குள் வாசம். மின்சாரத்துக்கு, குழி வெட்டி இரண்டு அணு உலைகள். ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதைதானே என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. ஆண்டிகள் விடிந்ததும் கலைந்து போனார்கள். இவர்கள் விடிந்ததும் பட்ஜெட் கேட்டார்கள்.

விமானப்படை சும்மா இருக்குமா? 1961 மே மாதம், அதிபர் கென்னடி நிலவுக்கு ஆள் அனுப்பப்போவதாக அறிவித்த அதே மாதத்தில், அவர்களுடைய ‘லூனெக்ஸ்’ திட்டம் வந்தது. நிலவின் மண்ணுக்கடியில் தளம், 21 வீரர்கள், கெடு 1968, செலவு 750 கோடி டாலர். தரைப்படைக்கு 12 என்றால் எங்களுக்கு 21. இரண்டு படைகளும் ரஷ்யப் பூச்சாண்டியைக் காட்டித்தான் பணம் கேட்டன. அசல் பகையாளி பென்டகனில் அடுத்த தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தான்.

இந்தப் பித்து எளிதில் தெளியவில்லை. 1965-இல்கூட இலினாய் மாநிலத்தின் ராக் ஐலண்ட் ஆயுதக் கிடங்கிலிருந்து, நிலவில் எந்தத் துப்பாக்கி சுடும் என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை வந்தது. ஆயுதமே நினைப்பாக இருக்கும் மனம் வெற்றிடத்தில் அலைந்த அலைச்சல் என்று அவர்களே தலைப்பு வைத்துக்கொண்டார்கள். நம் வேலையை மிச்சப்படுத்திய புண்ணியவான்கள்.

ஹொரைசனுக்குக் கணக்குப் போட்டவர்கள் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில், வெர்னர் ஃபான் பிரவுன் தலைமையில் இருந்த ராக்கெட் குழுவினர். ஃபான் பிரவுன் ஹிட்லரின் எஸ்எஸ் படையில் மேஜருக்கு நிகரான பதவி வகித்தவர். அவருடைய வி-2 ஏவுகணைகளைச் சுரங்கத்துக்குள் இருந்து செய்து கொடுத்தவர்கள் மிட்டல்பாவ்-டோரா முகாமின் அடிமைக் கைதிகள். அந்த முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட சுமார் 60,000 பேரில் ஏறத்தாழ 20,000 பேர் செத்தார்கள். அந்தத் தொழிற்சாலைக்குப் பெரியவர் நேரில் போய் வந்திருக்கிறார். போர் முடிந்தபின் டிஸ்னியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றி, அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சிரித்த முகத்தோடு விண்வெளியை விளக்கினார். தூக்குமேடைக்கு எதிரே நிற்க வேண்டியிருந்திருக்கும். கேமராவுக்கு எதிரே நிற்க வைத்தார்கள்.

அதே ஹன்ட்ஸ்வில்லில் 1959-இல் ஒரு கறுப்பினக் குழந்தை வெள்ளைக் குழந்தைகளின் பள்ளிக்குள் கால்வைக்க முடியாது. நீதிமன்றம் உத்தரவு போட்டு, 1963 செப்டம்பரில்தான் அந்தக் கதவு திறந்தது. ஏறத்தாழ நான்கு லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் அமெரிக்கனுக்கு எங்கே இடம் என்று அளந்தவர்களுக்கு, தெருமுனைப் பள்ளியில் எந்த அமெரிக்கனுக்கு இடமில்லை என்பது கண்ணில் படவில்லை. தொலைநோக்கிக்கு அந்த வசதி உண்டு.

மனித உயிரின் விலையை இன்னும் பச்சையாகச் சொன்னவர்களும் உண்டு. 1962-இல் பெல் ஏரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் கார்ட், லெனார்ட் சீல் இருவரும் ஒரு யோசனை வைத்தார்கள். ரஷ்யர்களை முந்த வேண்டுமா? ஒரே ஓர் ஆளை நிலவில் இறக்கிவிடுங்கள். அவனைத் திருப்பிக் கொண்டுவரும் கலத்தை அப்புறம் செய்துகொள்ளலாம். அதுவரை சரக்கு ராக்கெட்டுகளில் சோறும் ஆக்சிஜனும் போய்க்கொண்டிருக்கும். ஒரு ராக்கெட் குறி தவறி விழுந்தால்? பாவம், அவன் நாட்டுக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்துவிட்டானே, இன்னும் என்ன வேண்டும்! யோசனை சொன்ன இருவரில் சீல் மனவியலாளர். அந்தத் தனியனின் மனத்தைப் பூமியில் இருந்தபடியே அறிந்துவிட்டார் போலும். நாசா இதற்கு இறங்கவில்லை. ஹாலிவுட் இறங்கியது, ஏறக்குறைய இதே கதையை வைத்து ராபர்ட் ஆல்ட்மன் எடுத்த ‘கவுண்ட்டவுன்’ என்ற படம் 1968-இல் வெளிவந்தது.

எதிர்த் தரப்பு யோக்கியம் என்று யாரும் மகிழ வேண்டாம். சோவியத்தின் தொழிலாளர் அரசாங்கம் 1964-இல் நிலவைச் சுற்றிவரும் வேலையை ராக்கெட் வடிவமைப்பாளர் செலமேயிடமும், இறங்கும் வேலையை இன்னொரு வடிவமைப்பாளர் கொரலேவிடமும் பங்கிட்டுக் கொடுத்தது. செலமேயின் நிறுவனத்தில்தான் சோவியத் தலைவர் குருஷ்சேவின் மகன் வேலை பார்த்தார் என்பதைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். கொரலேவுக்கும் எஞ்சின் நிபுணர் குளுஷ்கோவுக்கும் எரிபொருளில் சண்டை. நிலவு ராக்கெட்டில் இருவரும் கடைசிவரை சேர்ந்து வேலை செய்யவில்லை. பிறந்தது என்-1 என்ற ராக்கெட்: அடியில் 30 எஞ்சின்கள். அந்த முதல் அடுக்கைத் தரையில் முழுதாகப் பற்றவைத்துப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. நான்கு முறை ஏவினார்கள், நான்கும் பாழ். 1969 ஜூலை 3 அன்று வெடித்தது ஏவுதளத்தையே சேர்த்துக்கொண்டு போனது. என்-1 ராக்கெட்டில் ஒருநாள் போக வேண்டிய விண்வெளி வீரர், வெற்று வெளியில் ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றிப் போய், தன்னந்தனியாக நிலவில் இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. ராக்கெட் வெடித்ததால் அவர் பிழைத்தார்.

பிறகு மாஸ்கோ என்ன சொன்னது? நாங்கள் அந்தப் பந்தயத்திலேயே இல்லை என்றது. 1989 வரை சொந்த மக்களிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. மிஞ்சிய என்-1 பாகங்கள் பைக்கனூரில் கொட்டகைகளுக்குக் கூரையாயின.

1967 ஜனவரி 27 அன்று அமெரிக்காவும் சோவியத்தும் விண்வெளி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. நிலவில் ராணுவத் தளம் கூடாது. ஹொரைசன் அட்டவணைப்படி அந்த 12 பேர் அதற்குள் அங்கே குடியேறியிருக்க வேண்டும். இன்று மறுபடியும் நிலவில் தளம் போடும் படங்கள் வண்ண வண்ணமாக வருகின்றன. அடுத்த முறை ஒருவர் அப்படி ஒரு படத்தை நீட்டினால், செலவை அப்புறம் கேளுங்கள். அனுப்பப்படுகிறவன் திரும்பி வரும் வழி எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.