பாண்டியன் போட்ட பாறை சர்வர்

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் டேட்டா சென்டர் இருக்கிறதா என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மீனாட்சிபுரத்தை ஒட்டிய மாங்குளம் ஓவாமலையில் ஒன்று சுமார் 2,200 வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கரண்ட் பில் கிடையாது. ஏ.சி. குகையோடு கூடப் பிறந்தது.

திட்டம் பாண்டியன் நெடுஞ்செழியன் காலத்தது. பயனாளி கணி நந்தாசிரியன் என்ற சமணத் துறவி. அவருக்குத் தேவை முதுகைச் சாய்க்க ஓர் இடம், அவ்வளவுதான். ஆனால் அரசாங்கம் ஒரு கல்படுக்கையை வெட்டிக் கொடுத்துவிட்டுச் சும்மா போகுமா? ராஜாவின் பணியாள் கடலன் வழுதி பேரைப் பொறித்தார். ராஜா பெண் எடுத்த வழிச் சொந்தமான சடிகன் மட்டும் இளைத்தவரா? அவர் பேரும் ஏறியது. வெள்ளறை வணிகக் குழுவும் தன் பங்குக்கு வந்து நின்றது (அது இன்றைய வெள்ளரிப்பட்டி என்கிறார்கள்). சாமி புரண்டு படுத்தால் எந்தப் பக்கமும் உபயதாரர் பேர்தான்.

பாதுகாப்பு ஏற்பாட்டையும் சும்மா சொல்லக்கூடாது. குகை நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டினார்கள். பாறையில் வழியும் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும். கல்தச்சன் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருப்பான்:

"எத்தனை நாளைக்குத் தாங்கணும் சாமி?"

"நான் இருக்கிறவரைக்கும் தாங்கினால் போதுமப்பா. நிலையாமையைப் பேசித் திரிகிறவன் நான்."

"அதிகாரி ஐயா சூரிய சந்திரர் உள்ளவரைக்கும்னு சொல்றாரே."

"சொல்வார். பேர் அவருடையதல்லவா!"

இன்றைய சர்வர்களுக்கோ நாள் கணக்கு உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஒன்றிய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. சர்வர் லாக்கை 180 நாள் நம் நாட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். இணையத் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். கம்பெனிகள் தலையில் கை வைத்தன. ஓவாமலை முதல் பாடத்தில் நூற்றுக்கு நூறு. ரெண்டாவதில்தான் கோட்டை விட்டது. 1882-ல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவல் வந்து எட்டிப் பார்க்கிறவரைக்கும் வெளியுலகுக்குத் தகவலே போகவில்லை. அதற்கப்புறமும் கல்வெட்டின் மொழி பாலியா, பிராகிருதமா என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1924-ல் கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இது தமிழ்தான் என்றார். நெடுஞ்செழியன் பேரை ஐராவதம் மகாதேவன் தெளிவாகப் படித்துச் சொல்ல 1960-கள் ஆயிற்று. இவ்வளவு கெட்டியான என்கிரிப்ஷன் எந்த வங்கியிலும் இல்லை. சாவியைத் தொலைத்தவர்கள் வீட்டுக்காரர்களே என்பது வேறு விஷயம்.

2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரத்தில் அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரி பற்றி எரிந்தது. அரசு ஊழியர்கள் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் போயே போச்சு. கொள்ளளவு பெரிசு என்று பேக்கப் எடுக்கவில்லையாம்! நாம் ரொம்பவும் சிரிக்க முடியாது. ஓவாமலைக்கும் பேக்கப் கிடையாது. இருப்பது ஒரே மலை.

அந்த மலைக்கு வந்த ஆபத்து மழையும் இல்லை, தீயும் இல்லை, ஏலம். கீழே டங்ஸ்டன் இருக்கிறது என்று யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் ஒன்றிய சுரங்க அமைச்சகம் நாயக்கர்பட்டி தொகுதி என்று சுமார் 2,015 ஹெக்டேரை ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஒதுக்கியது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193 ஹெக்டேரைத் தமிழக அரசு 2022-லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்தது. அதையும் சேர்த்தே கோடு போட்டிருந்தார்கள். 2,200 வருஷக் குடித்தனக்காரர் நெடுஞ்செழியன். காலி பண்ணச் சொல்லி அவருக்கு ஒரு நோட்டீஸ்கூடப் போகவில்லை.

இந்த டேட்டா சென்டருக்குக் கால் சென்டர் கிடையாது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று சொல்லவும் ஆளில்லை. ஊர்க்காரர்களே கிளம்பினார்கள். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியில் திரண்டு, பச்சைத் துண்டும் குடும்பமுமாக மதுரையை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

ரத்து உத்தரவு வந்தது வெறும் காகிதத்தில். அதையும் பாறையில் வெட்டி வைக்கலாம் என்றால் இன்று உளியோடு மலையேறினாலே தொல்லியல் துறை கேஸ் போடும். போடாவிட்டாலும் ஆகாது. எந்தக் கட்சிக்காரர் பேரை முதலில் வெட்டுவது என்று மேலூரில் அடுத்த ஊர்வலம் கிளம்பிவிடும்.