மின்கசிவைக் கைது செய்யக் கோரும் மனு

பெறுநர்: திருவிழாப் பந்தல்களுக்கும் மண்டப அலங்காரங்களுக்கும் அனுமதி வழங்கும் அதிகாரிகள் அனைவரும்.

ஐயா, அம்மா,

எந்தப் பந்தல் எரிந்தாலும் சாம்பல் ஆறுவதற்குள் தங்கள் தரப்பிலிருந்து அறிக்கை வந்துவிடுகிறது: ‘மின்கசிவே காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது.’ இவ்வளவு சீக்கிரம் அடையாளம் காட்டப்படும் குற்றவாளி நாட்டில் வேறு யாருமில்லை. ஆனாலும் ஒருமுறைகூடக் கூண்டில் ஏறாமல் நடமாடுகிறார். அவரைக் கைது செய்யவே இந்த மனு.

அவருடைய பழைய கணக்கு பெரிது. 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல். வீடியோ எடுப்பவரின் வயரில் கிளம்பிய பொறி கீற்றில் பற்றி, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2022 அக்டோபர் 2 அன்று உத்தரப் பிரதேசத்தின் பதோஹியில் துர்கா பூஜைப் பந்தல் எரிந்தபோது அவர் விடுப்பில் இருந்தார் போலும். சூடேறிய ஹாலஜன் விளக்கு பொறுப்பேற்றுக்கொண்டது.

அரியானாவின் டப்வாலியில் 1995 டிசம்பர் 23 அன்று நடந்ததை மட்டும் அவர் தலையிலேயே கட்டிவிட முடியவில்லை. பள்ளி ஆண்டு விழா, செயற்கை இழைச் சாமியானா. பற்றிய துணி உருகித் தலைகளின் மேல் சொட்டியது. நானூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். பொறி மின்சாரத்துடையதுதான். எரியக்கூடிய துணியை மேலே கட்டியதும், அத்தனை பேரை அதன்கீழ் உட்கார வைத்ததும் மனிதர்கள். பள்ளி நிர்வாகமும் அரசுத் தரப்பும் இழப்பீட்டைப் பங்கிட்டுத் தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொன்ன ஆண்டு 2009. விழாவில் பரிசு வாங்க வந்த குழந்தை பிழைத்திருந்தால், அதற்குள் கல்லூரியை முடித்திருக்கும்.

பழியை வேறு தலையில் கட்டுவதில் மின்வாரியங்களுக்கும் முன் அனுபவம் உண்டு. சைக்கிளில் வீடு திரும்பிய ஒருவர் தெருவில் கிடந்த மின்கம்பியில் சிக்கி இறந்தார். யாரோ கொக்கி போட்டு மின்சாரம் திருடியதால் வந்த வினை என்றது மத்தியப் பிரதேச மின்வாரியம். ஆபத்தான சரக்கைக் கையாள்பவர் கவனக்குறைவே இல்லாவிட்டாலும் பொறுப்பாளிதான் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சாக்கை ஒதுக்கித் தள்ளியது.

தங்களுக்கு ஆறுதலான தீர்ப்பும் இருக்கிறது. 59 பேர் மூச்சுத் திணறி இறந்த டெல்லி உப்ஹார் தியேட்டர் தீ விபத்து வழக்கில், 2011இல் உச்ச நீதிமன்றம் தியேட்டர் தரப்புக்கு 85 சதவீதம், மின்வாரியத்துக்கு 15 சதவீதம் என்று இழப்பீட்டைப் பிரித்தது. உரிமம் கொடுத்த காவல்துறைக்கும் மாநகராட்சிக்கும் பூஜ்யம். இறந்தவர்களுக்கு உயர் நீதிமன்றம் வைத்த 18 லட்சம் 10 லட்சமாகவும், 20 வயதுக்குட்பட்டோருக்கான 15 லட்சம் ஏழரை லட்சமாகவும் இறங்கின. காயம்பட்டவருக்குத் தலா 1 லட்சம். தீக்காயத்துக்குத் தோல் ஒட்டும் வார்டில் ஒரு மாதம் படுத்தவர் வீட்டில் கேட்டால், அந்த 1 லட்சம் எதுவரை வந்தது என்று சொல்வார்கள்.

ஒருநாள் ஏதாவது பந்தலின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். தெர்மாகோல் கோபுரத்துக்கும் ஜிகினாத் துணிக்கும் நடுவே இரண்டு வயரை முறுக்கிச் செல்லோடேப் ஒட்டியிருக்கும். பிளக் இல்லாத நுனியைச் சாக்கெட்டில் செருகி, கழன்றுவிடாமல் இருக்கத் தீக்குச்சியால் இறுக்கியிருப்பார்கள். ஆம், தீக்குச்சிதான்.

ஆகவே அனுமதிப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தருள வேண்டும்: நேரில் பார்த்தவர் பெயர், பார்த்த நேரம், கையெழுத்து. அது நடைமுறைக்கு ஒத்துவராது என்றால், மின்கசிவையே பந்தல் ஆய்வாளராக நியமித்துவிடலாம். அனுமதி கொடுத்த பிறகும் பந்தலுக்கு நேரில் வருபவர் அவர் ஒருவர்தான்.

இப்படிக்கு,
பந்தலுக்குள் உட்காருபவர்கள்