'ரெகக்னைஸ்' பண்ணுவது எப்படி?

கல்யாண மண்டபத்தில் பந்திக்கு எழும் நேரம். முன்பின் பார்த்த ஞாபகமே இல்லாத ஒரு பெரியவர் உங்கள் தோளைத் தட்டி, "என்னைத் தெரியுதா?" என்பார். ஆங்கில 'ரெகக்னைஸ்' பாடத்தை இங்கே தொடங்குங்கள். "தெரியாமலா!" என்று கூசாமல் சொல்லுங்கள். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேளுங்கள், பேச்சுவாக்கில் ஏதாவது ஒரு பெயர் வந்து விழும், பிடித்துக்கொள்ளலாம். "ஊர்லயேதான் இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "எந்த ஊர்னு சொல்லு பார்ப்போம்" என்று அவர் மடக்கினால் தொலைந்தீர்கள். அப்படியே மடக்கினாலும் இலையில் பாயசம் ஊற்றிவிட்டார்கள் என்று ஓட வழி உண்டு.

லத்தீன் வழி வந்த அந்தச் சொல்லுக்கு 'மறுபடி அறிதல்' என்பதுதான் வேர்ப்பொருள். மண்டபத்துப் பெரியவர் கேட்டதும் அதைத்தான். ஆனால் அந்த வினைச்சொல் எப்போதோ பதவி உயர்வு வாங்கிப் போய்விட்டது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஓர் உறுப்பினர் பேச எழுந்தால், அவைத் தலைவர் அவரை 'ரெகக்னைஸ்' செய்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். இருவரும் இருபது வருடப் பழக்கமாகவே இருக்கட்டும். அங்கே அது செல்லாது.

நாடுகளிடம் இந்த வித்தையை இன்னும் நன்றாகக் கற்கலாம். வங்கதேசத்தை இந்தியா 1971 டிசம்பர் 6 அன்று அங்கீகரித்தது. பத்து நாள் கழித்துப் பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் சரணடைந்தது. ஆனால் அப்படி ஒரு நாடு இருப்பது 1974 பிப்ரவரி வரை பாகிஸ்தானின் கண்ணில் படவில்லை. அமெரிக்கா இதில் கெட்டிக்காரத்தனம் அதிகம் காட்டியது. 1979 ஜனவரி 1 முதல் பீஜிங்கில் இருப்பதுதான் சீன அரசு என்று ஏற்று, தைவானுடன் தூதரக உறவை முறித்தது. அதே வருடம் தைவானுக்கு ஆயுதம் தரச் சட்டமும் போட்டுக்கொண்டது. பங்காளிச் சண்டையில் முகம் பார்த்துப் பேசாமல், மொய் மட்டும் ஆள் மூலம் அனுப்புவோமே, அந்த முறைதான். பின்பற்ற எளிது, செலவும் குறைவு.

அலுவலகத்தில் மேலாளர் உங்களை 'ரெகக்னைஸ்' செய்யப்போவதாகச் சொன்னால் ஒரு கோப்பை வரும். சம்பளம் வராது.

மொழிபெயர்க்க உட்காருபவர்களுக்கு ஒரு வார்த்தை. அகராதி 'அங்கீகரி' என்னும், 'அடையாளம் காண்' என்னும், 'ஒப்புக்கொள்' என்னும். மூன்றையும் மூடி வைத்துவிட்டு 'கண்டுகொள்' என்று எழுதிப் பாருங்கள். பழைய சிநேகிதனைக் கூட்டத்தில் கண்டுகொண்டேன் என்றாலும் சரி, எதிரே வந்தவன் கண்டுக்காமல் போனான் என்றாலும் சரி, ஒரே சொல். கண்டுக்காமல் போகிறவனுக்கு நம்மை நன்றாகவே தெரியும் என்பதுதான் அதன் விசேஷம். பாகிஸ்தானின் அந்த இரண்டு வருடத்தை 'அங்கீகரிக்கவில்லை' என்பதைவிட 'கண்டுக்கவில்லை' என்பதுதான் சரியாகப் படம்பிடிக்கிறது என்பேன். வெளியுறவுத் துறைக் கடிதத்தில் அப்படி எழுத முடியாதே என்றால், அது கடிதத்தின் குறை.

இயந்திரங்கள் செய்யும் 'ரெகக்னைஸ்' வேலைக்கு மட்டும் 'கண்டுகொள்' என்ற சொல்லும் ஒத்துவராது. எங்கள் தெரு ரேஷன் கடையில் போன மாதம் வரிசையில் எனக்கு முன்னால் ஓர் ஆயா. கடைக்காரர், "வாங்க ஆயா, பேத்திக்குக் குழந்தை பிறந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே கைரேகைக் கருவியை நகர்த்தினார். ஆயா விரலை வைத்தார். ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்து வைத்தார். ஏற்கவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கிய விரல். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி வைத்தும் சிவப்பு விளக்குதான். கடைக்காரர், "ஆயாவை எனக்குப் பதினஞ்சு வருஷமாத் தெரியும், இதுக்குத் தெரியலையே" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார். ஆயா குனிந்து, கருவிக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய்க் கேட்டார்:

"ஏண்டா, என்னைத் தெரியலையா?"