அம்மன் மைனர், நாம் மேஜர்

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் வீடு வாங்கப் போகிறீர்களா? வாழ்த்துகள். 2021இல் முதல்வரையே தேர்ந்தெடுத்து அனுப்பிய தொகுதி. இங்கே கிரயம் முடிப்பதற்கு முன் நாலு பேரிடம் விசாரிப்பீர்கள். தாராளமாக விசாரியுங்கள். கட்டணம் எல்லாரும் வாங்கிக்கொள்வார்கள், பொறுப்பை மட்டும் ஒருவரும் வாங்கமாட்டார்கள்.

தரகரிடம் கேட்டால், "பக்கா கிளியர் சார்". பத்திர எழுத்தர், "சொன்னதை எழுதறதுதான் சார் என் வேலை" என்பார். வக்கீல் பக்கம் பக்கமாகக் கருத்துரை தருவார். கடைசியில், "எனக்குக் காட்டப்பட்ட நகல்களின் அடிப்படையில்" என்று ஒரு வரி இருக்கும். அவர் தப்பித்துப் போகும் வாசல் அது. வங்கிக் கடன் என்றால் பேனல் வக்கீல் வருவார். ஃபீஸ் உங்கள் பணம், அவருடைய கட்சிக்காரரோ வங்கி. நாளைக்கு வீடு வேறொருவருடையது என்று தீர்ப்பாகட்டும், மாதத் தவணை அதற்காக ஒரு நாள் தள்ளி நிற்காது.

வில்லங்கச் சான்று எடுத்துவிட்டோமே என்பீர்கள். நீங்கள் கேட்ட ஆண்டுகளுக்குள், அந்த அலுவலகத்தில் பதிவானவை மட்டும்தான் அதில் வரும். பெட்டிக்குள் கிடக்கும் பதியாத உயில் வராது. அண்ணன் தம்பிகள் வாயாலேயே பிரித்துக்கொண்ட பாகம் வராது. 'வில்லங்கம் இல்லை' என்றால், 'எங்களுக்குத் தெரிந்த வில்லங்கம் இல்லை' என்று படித்துக்கொள்ள வேண்டும்.

புதுச்சேரிக்காரனுக்குத் தனியாக ஒரு போனஸ் உண்டு. தாய்ப் பத்திரம் பிரெஞ்சில் இருக்கும். படிக்கத் தெரியாத வக்கீல், "பழைய டாக்குமெண்ட், கெட்டியானது" என்று சான்று தருவார். 1881 ஆணைப்படி குடும்ப வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் போன ரெனோன்சான் குடும்பத்துச் சொத்தென்றால், வாரிசுக் கணக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அடங்காது. வாரிசுகளில் பாதிப் பேர் பிரான்சில் இருப்பார்கள். இங்கே ஒருவர் கையில் 'பவர்' இருக்கும். பவர் பத்திரம் உரிமையை மாற்றாது என்று 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தரகர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் நொத்தேர் என்று ஒரு பத்திர அதிகாரி இருந்தார். பத்திரத்தின் மூலத்தைத் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டு நமக்குப் பிரதி தருவார். கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். 1954இல் அவர்கள் கிளம்பினார்கள், 1962இல் சட்டப்படியும் ஊர் கைமாறியது. 1968இல் நம் பாராளுமன்றம், இங்கிலீஷ்காரன் விட்டுப்போன 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை இந்த ஊருக்கும் நீட்டியது. அதன் 86ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். நல்லெண்ணத்தோடு அலுவல்முறையில் செய்த எதற்காகவும் பதிவு அலுவலர் மேல் வழக்குப் போட முடியாது. அதே இங்கிலீஷ்காரன் தன் நாட்டில் வைத்துக்கொண்டது வேறு கதை: நிலப் பதிவேட்டில் தவறு நடந்து ஒருவர் நஷ்டப்பட்டால் பதிவகமே ஈடு கொடுக்கிறது. வீடு வாங்கித் தரும் சொலிசிட்டர் காப்பீடு எடுக்காமல் தொழில் நடத்த முடியாது. நமக்கு வந்து சேர்ந்தது 86ஆம் பிரிவு.

உரிமை இல்லாதவன் எழுதிக் கொடுத்தால் பதிய மறுக்கலாமே என்று கேட்பீர்கள். மறுக்கக்கூடாது! 2025 ஏப்ரலில், மூல ஆவணத்தைக் காட்டச் சொன்ன தமிழ்நாட்டு விதி ஒன்றை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விற்பவனுக்கு உரிமை உண்டா என்று பார்ப்பது இந்தச் சட்டத்தின்படி பதிவு அலுவலர் வேலை இல்லை, முறைப்படி வந்து கட்டணமும் கட்டினால் பதிந்தாக வேண்டும் என்றது. நீதிமன்றம் சட்டத்தில் இருப்பதைத்தான் சொன்னது. அந்தச் சட்டத்தை இத்தனை வருஷம் அப்படியே வைத்திருப்பவர்கள் யார்?

அலுவலகத்துக்கு ஒன்றுமே தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஜி.எல்.ஆர். என்கிற அரசு வழிகாட்டி மதிப்பு நன்றாகவே தெரியும். உங்கள் தெரு சதுர அடி என்ன விலை என்று ரூபாய்க் கணக்கில் வைத்திருக்கிறார்கள். குறைத்துக் காட்டினால் நோட்டீஸ் வரும். தெரு என்ன விலை என்று தெரிந்த அரசுக்கு, அது யாருடையது என்று மட்டும் தெரியாது.

தெரியாததன் பலனைப் பாரதி வீதி காமாட்சி அம்மனைக் கேளுங்கள். ரெயின்போ நகரில் கோயிலுக்கிருந்த பல கோடி ரூபாய் நிலம் போலிப் பத்திரத்தில் கைமாறியது. 2023இல் சி.பி.சி.ஐ.டி. விசாரித்துக் கைது செய்தவர்களில் சார்பதிவாளர் ஒருவரும் இருந்தார். வாங்கியவர்கள் பட்டியலில் சட்டமன்ற உறுப்பினர் குடும்பமும் அடிபட்டது. சட்டம் எழுதுகிற இடத்தில் இருப்பவர்களுக்கே பத்திரம் பார்க்கத் தெரியவில்லை என்றால், தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர் மட்டும் முப்பது வருஷ மூலப் பத்திரங்களையும் துருவி ஆராய வேண்டுமாம்!

நிலம் கோயிலுக்குச் சேர வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். சட்டத்தின் கண்ணில் தெய்வம் என்றைக்கும் மைனர், நீதிமன்றம்தான் காப்பாளர். நீங்களும் நானும் மேஜர். காவல் நிலையத்துக்குப் போனால், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுல பாத்துக்குங்க". கோர்ட்டில் வாய்தா. வழக்கு உங்கள் பேரன் பெயருக்கு மாறும்போது, வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள்.

அரசாங்கத்தாரே, இந்தச் சட்டம் மாறும்வரை ஒரு உபகாரமாவது செய்யுங்கள். முத்திரைத் தீர்வையை லட்சக்கணக்கில் எண்ணி வாங்கிய கையோடு, சிகரெட் பெட்டியில் போடுவதுபோல் பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள்: இந்த வீடு உங்களுடையது என்பதற்கு அரசு பொறுப்பல்ல. அந்த அச்சுக்கூலியையும் நாங்களே கட்டிவிடுகிறோம்.