'எதுல ஓடுது' அண்ணாச்சி

சாரல் விழ ஆரம்பித்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்கு வந்து சேருகிற ஐடி ஆட்களில் இந்த ரகம் ஒருத்தராவது இருப்பார். ஏஐ எவ்வளவு அழகாகப் பதில் சொன்னாலும் அவருக்கு அக்கறை இல்லை. கேட்பது ஒன்றே ஒன்று: "எதுல ஓடுது?"

2025 ஜூலையில் ஜோஹோ தன் சொந்த மொழி மாடலை அறிவித்தபோது, அதன் அலுவலகம் இருக்கிற மத்தளம்பாறைப் பக்கம் டீக்கடைகளில் ஒரே பெருமை. 130 கோடி, 260 கோடி, 700 கோடி அளவுருக்களில் மூன்று மாடல்கள். அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே, "நல்லதுதான். படிக்க வச்சது என்விடியா சிப்புல. இப்ப பதில் சொல்லுதது எதுல?" என்றார். மாஸ்டர் பாலைப் பொங்கவிட்டார்.

சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பைடார்ச்சில் மாடலை ஜிபியுவுக்கு மாற்றும் வரியை எழுத மறந்தால் அது பாட்டுக்கு சிபியுவிலேயே ஓடும். பிழை என்று ஒரு வார்த்தை வராது. விடையும் சரியாகவே வரும், ஆனால் ஆடி அசைந்து வரும். டாஸ்க் மேனேஜரையும் அவர் நம்புவதில்லை. ஜிபியு மூச்சுமுட்ட உழைக்கும்போதுகூட, முதலில் தெரிகிற கட்டங்களில் அது சும்மா கிடப்பதாகக் காட்டலாம். என்விடியா-எஸ்எம்ஐ என்று தட்டுவார். மாடல் ஓடுவது ஓலாமாவில் என்றால் 'பிஎஸ்' போட்டு, சிபியுவில் எத்தனை சதவீதம், ஜிபியுவில் எத்தனை என்று பார்ப்பார். அதற்கும் மேல், லேப்டாப்பின் அடியில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார்.

ஐந்தருவிக்குக் கூட்டிப்போனால் மட்டும் திருந்திவிடுவாரா? எல்லாரும் எண்ணெய் தேய்த்து நிற்க, மைத்துனரின் புதுப் போனைப் பிடுங்கி ஃபிளைட் மோடில் போட்டார். "போனுக்குள்ளயே ஓடும்னுல்லா கடைக்காரன் சொன்னான்? பாப்போம் மாப்ள." படத்தில் குறுக்கே வந்த குரங்கைப் போன் அழித்துவிட்டது. அண்ணாச்சி முகம் வாடியது. அடுத்து ஒரு கட்டுரையைச் சுருக்கச் சொன்னார். இணையத்தில் இணைக்கவும் என்றது. "பாத்தியா! சோலி நடக்குறது எந்த ஊர் சர்வர்லயோ!" அந்த ஆனந்தத்தில் குளிக்கவே மறந்துவிட்டார்.

மறுநாள் காலை, எத்தனையாவதோ இட்லியைப் பிட்டபடி, "என்ன இருந்தாலும் கிரைண்டர் மாவு கிரைண்டர் மாவுதான்" என்றார்.

மதினி சாம்பாரை ஊற்றினாள். "கிரைண்டர் ரிப்பேராகி எட்டு நாளாச்சு. மிக்ஸியிலதான் அரைக்கேன்."